இயர்மார்க் நிதி: அமெரிக்காவில் தொண்டு அமைப்பு நடத்துவோர் கேட்டு வாங்கும் வழி

ஆட்டின் காதில் வெட்டுப் போட்டு ‘இது இன்னார் வீட்டு ஆடு’ என்று அடையாளம் வைப்பார்கள். அந்தக் காதுக்குறிக்குத்தான் ஆங்கிலத்தில் இயர்மார்க் என்று பெயர். அமெரிக்க ஃபெடரல் பட்ஜெட்டில் ஒரு தொகையைப் பிடித்து, ‘இது இந்த ஊரில் இருக்கும் இந்த அமைப்பின் இந்த வேலைக்கு’ என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் குறி போடுவதற்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. சாதாரண மானியத்தில் ஊர்பேர் தெரியாத நூறு விண்ணப்பங்களோடு மதிப்பெண்ணுக்குப் போட்டி போட வேண்டும். இயர்மார்க்கில் உங்கள் அமைப்பின் பெயரே ஒதுக்கீட்டுச் சட்டத்தோடு வரும் அட்டவணையில் அச்சாகிவிடும்.

2011 முதல் பத்தாண்டுகள் இதற்குத் தடை இருந்தது. 2022 நிதியாண்டு பட்ஜெட்டில் புதுப்பெயரோடு திரும்பி வந்தது: பிரதிநிதிகள் சபையில் ‘கம்யூனிட்டி ப்ராஜெக்ட் ஃபண்டிங்’, செனட்டில் ‘காங்கிரஷனலி டைரக்டட் ஸ்பெண்டிங்’. உறுப்பினரின் வலைத்தளத்தில் ‘இயர்மார்க்’ என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. இந்த இரண்டு பெயர்களில் தேடுங்கள். சில உறுப்பினர்கள் கொள்கையாகவே இயர்மார்க் கேட்பதில்லை. உங்கள் பிரதிநிதியும் இரு செனட்டர்களும் கடந்த ஆண்டுகளில் கேட்டிருக்கிறார்களா, எந்த மாதிரி வேலைகளுக்குக் கேட்டிருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். கேட்டதையெல்லாம் உறுப்பினர்கள் வலைத்தளத்தில் வெளியிட்டாக வேண்டும் என்பது விதி. எனவே அரை மணி நேரத்தில் இது தெரிந்துவிடும்.

ஊரில் எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதியைப் பார்த்துப் பழகியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அங்கே எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் என்று ஓர் ஒதுக்கீடு இருக்கும். அதற்குள் அவர் பரிந்துரைப்பார். இங்கே காங்கிரஸ் உறுப்பினர் கையில் அப்படி எந்தப் பையும் கிடையாது. பட்ஜெட்டில் ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒரு கணக்குத் தலைப்பின் கீழ் உங்கள் பெயரைச் சேர்க்கும்படி நிதி ஒதுக்கீட்டுக் குழுவுக்கு எழுதிக் கொடுப்பதோடு அவர் வேலை முடிகிறது. ஒவ்வொரு தலைப்புக்கும் தனி விதி, தனி துறை, தனி அதிகாரி. உங்கள் வேலை எந்தத் தலைப்புக்குள்ளும் பொருந்தாவிட்டால், உறுப்பினர் உங்கள் நெருங்கிய நண்பராகவே இருந்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் தலைப்பைத் தேடுங்கள்

பெரும்பாலான அமைப்புகள் தங்களுக்கு என்ன வேண்டும் என்று தொடங்குகின்றன. எந்தத் தலைப்பில் என்ன வாங்கலாம் என்று தொடங்குவதே சரியான வரிசை. தொண்டு அமைப்புகளுக்கு அடிக்கடி பயன்படும் தலைப்புகள் சில:

வீட்டுவசதித் துறையான ஹட் நடத்தும் பொருளாதார மேம்பாட்டுக் கணக்கு. சமூகக் கூடம், உணவு வங்கிக் கிடங்கு, முதியோர் மையம், தங்குமிடம் என்று கட்டடம் சார்ந்த வேலைகள் இங்கே போகும். தொண்டு அமைப்புகள் அதிகம் நாடியது இதைத்தான். ஆனால் 2025, 2026 நிதியாண்டுகளுக்கான பிரதிநிதிகள் சபை விதியில் இந்தக் கணக்கில் தொண்டு அமைப்புகள் நேரடியாகப் பெற முடியாது என்று கதவை மூடிவிட்டார்கள். அரசு அமைப்புகள் மட்டுமே கேட்க முடிந்தது. செனட்டில் கதவு திறந்திருந்தது. இது தெரியாமல் பிரதிநிதியின் அலுவலகத்துக்கு மட்டும் மனு கொடுத்துவிட்டு ஆண்டு முழுக்கக் காத்திருப்பவர்கள் உண்டு.

சுகாதாரச் சேவைகள் நிர்வாகமான ஹெர்சாவின் கணக்கு. மருத்துவமனை, இலவச கிளினிக் ஆகியவற்றின் கட்டுமானம், சீரமைப்பு, கருவிகள். இது தொழிலாளர்-சுகாதார-கல்வி மசோதாவுக்குள் வருகிறது. 2024 முதல் 2026 வரையான நிதியாண்டுகளில் பிரதிநிதிகள் சபை அந்த மசோதாவில் இயர்மார்க் கோரிக்கைகளை ஏற்கவில்லை. ஆகவே இதற்கும் செனட்தான் வழியாக இருந்தது.

வேளாண் துறையின் ‘கம்யூனிட்டி ஃபெசிலிட்டீஸ்’. மக்கள்தொகை 20,000-க்கு மேற்படாத ஊர்ப்புறங்களுக்கு மட்டும். மொத்தச் செலவில் அதிகபட்சம் 75 சதவீதம்தான் கிடைக்கும். அதுவும் 5,000 பேருக்கு மேற்படாத, வருமானம் மிகக் குறைந்த ஊருக்கு. ஊர் பெரிதாகப் பெரிதாக, வருமானம் கூடக்கூட, 55, 35, 15 சதவீதம் என்று இறங்கிக்கொண்டே போகும். மீதிப் பணம் எங்கிருந்து வரும் என்பதற்குப் பதில் இல்லாமல் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

நீதித்துறையின் பர்ன் நிதி. குற்றத் தடுப்பு, குடும்ப வன்முறையில் பாதிக்கப்பட்டோருக்கான உதவி, இளைஞர் வழிகாட்டல் போன்ற சேவைகளுக்கு. சம்பளம் போடலாம், நிலம் வாங்கவோ கட்டடம் கட்டவோ முடியாது. கட்டடத்துக்குக் கேட்பவர்களும் சேவைக்குக் கேட்பவர்களும் தலைப்பை மாற்றிப் போட்டு, இரண்டு பக்கமும் வாய்ப்பை இழப்பது இங்கேதான் அதிகம்.

தலைப்புகளின் பட்டியலும் தகுதி விதிகளும் ஒவ்வோர் ஆண்டும் மாறும். குளிர்காலக் கடைசியிலோ வசந்தத் தொடக்கத்திலோ இரு சபைகளின் ஒதுக்கீட்டுக் குழுக்களும் துணைக்குழு வாரியாக வழிகாட்டுதல் வெளியிடும். போன ஆண்டுப் படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்குவது வீண்வேலை.

தமிழ்ச் சங்கங்களுக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. சங்க உறுப்பினர்களின் பிள்ளைகள் மட்டும் பயன்படுத்தும் வகுப்பறைக் கட்டடம் இந்த நிதிக்கு ஏற்றதல்ல. அந்த வட்டாரத்தில் இருக்கும் எவரும் உள்ளே வரக்கூடிய முதியோர் உணவுக்கூடம், கிளினிக், மொழி உதவி மையம் என்றால் பேச இடமுண்டு. கோயில் நடத்தும் அமைப்பும் சமூக சேவைக்கு விண்ணப்பிக்கலாம். வழிபாட்டு மண்டபத்துக்கு ஒரு டாலரும் வராது. பிரதிநிதி வழியாகக் கட்டடமே வேண்டும் என்றால், நகராட்சியோ கவுண்டியோ தன் சொந்தக் கட்டடத்துக்காகக் கேட்டு, அதில் சேவையை நீங்கள் நடத்தும் ஏற்பாடு அந்த ஆண்டு விதிக்குள் பொருந்துமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். பிறகு மேயரிடம் போங்கள். இந்தப் பேச்சுக்கே ஆறு மாதம் பிடிக்கும்.

எண்ணிக்கை, நேரம்

2023 முதல் 2026 வரையான நிதியாண்டுகளில் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவர் அதிகபட்சம் 15 கோரிக்கைகளைத்தான் கொடுக்க முடிந்தது. அதில் குடிநீர்க் குழாய், சாலை, காவல் நிலையம், தீயணைப்பு வண்டி என்று நகராட்சிகளும் கவுண்டிகளும் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். தொண்டு அமைப்புகளுக்கு மிஞ்சுவது சில இடங்களே. செனட்டில் எண்ணிக்கை வரம்பு இல்லை. ஆனால் செனட்டருக்கு மாநிலம் முழுவதிலிருந்தும் மனுக்கள் குவியும். ஆகவே ஒரே வேலைக்கு மூன்று அலுவலகங்களிலும் கேளுங்கள். ஒளிக்க வேண்டியதில்லை, ‘வேறு யாரிடம் கேட்டிருக்கிறீர்கள்’ என்று படிவத்திலேயே கேட்பார்கள். வேலையின் பெயர், அமைப்பின் பெயர், தொகை மூன்றும் எல்லா இடத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஓரிடத்தில் 480,000, இன்னோரிடத்தில் 500,000 என்று இருந்தால், பிறகு இரு சபைகளும் பட்டியலை ஒப்பிடும்போது இவை ஒரே வேலையா, இரண்டா என்ற குழப்பம் வரும்.

ஃபெடரல் நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் அலுவலகங்கள் படிவத்தைத் திறந்து மூடிவிடும். சில இடங்களில் இரண்டு மூன்று வாரம்தான் அவகாசம். படிவம் திறந்த பிறகு வேலையைத் தொடங்குபவர் எழுதுவது அவசர மனுவாகத்தான் இருக்கும். முந்தைய ஆகஸ்டில், காங்கிரஸ் விடுமுறையில் உறுப்பினர் தொகுதிக்கு வந்திருக்கும்போது, இடத்தைப் பார்க்க அழையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பருக்குள் அலுவலர்களைச் சந்தித்து, ஜனவரியில் எல்லாத் தாள்களையும் முடித்து வையுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

வரிவிலக்குள்ள தொண்டு அமைப்பு என்று காட்டும் 501(சி)(3) தகுதிக் கடிதம், கடைசி மூன்று ஆண்டுகளின் வரிப் படிவம் 990, தணிக்கை அறிக்கை, இயக்குநர் குழுத் தீர்மானம் இவை எல்லோரும் வைத்திருப்பவை. காலை வாரிவிடுவது, ஃபெடரல் பணம் வாங்குவோர் பதிவு செய்யும் அரசுத் தளமான சாம்.கவ் பதிவு. யூஇஐ என்ற அடையாள எண்ணும் முழுப் பதிவும் இல்லாமல் ஃபெடரல் துறை உங்களோடு ஒப்பந்தம் போடாது. பதிவு முற்றிலும் இலவசம். ‘நாங்கள் செய்து தருகிறோம், 600 டாலர்’ என்று வரும் மின்னஞ்சல்களை அழித்துவிடுங்கள். பதிவில் அமைப்பின் சட்டப்பூர்வப் பெயரும் முகவரியும் சான்றிதழ்களோடு ஒத்துப்போக வேண்டும். தபால்பெட்டி முகவரி செல்லாது. மாநிலப் பதிவில் ‘இன்க்.’ என்று முடியும் பெயர், வரித்துறையான ஐஆர்எஸ் கொடுத்த கடிதத்தில் அது இல்லாமல் இருந்தால், அல்லது அமைப்பு இன்னும் பழைய செயலாளரின் வீட்டு முகவரியிலேயே பதிவாகியிருந்தால், சரிபார்ப்பு வாரக்கணக்கில் இழுக்கும். ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கவும் வேண்டும்.

ஆதரவுக் கடிதங்கள் ஆறேழு போதும், ஆனால் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கக் கூடாது. மேயர், கவுண்டி ஆணையர், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், பள்ளி மாவட்டம், பக்கத்து மருத்துவமனை என்று அவரவர் கோணத்தில் எழுதட்டும். ‘எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் பல்வலியோடு வருபவர்களை அனுப்ப இடமில்லை’ என்று மருத்துவமனை எழுதும் ஒரு வரி, ‘இச்சீரிய பணி வெல்க’ என்ற பத்துக் கடிதங்களுக்குச் சமம். நகர்மன்றத் தீர்மானம், உள்ளூர் வளர்ச்சித் திட்டத்தில் உங்கள் வேலை இடம்பெற்ற பக்கம், உள்ளூர்ச் செய்தித்தாள் கட்டுரை ஆகியவற்றையும் சமூக ஆதரவுக்கான சான்றாக ஏற்கிறார்கள்.

வாடகைக் கட்டடம் என்றால் உரிமையாளரிடம் இப்போதே பேசுங்கள். ஃபெடரல் பணத்தில் கட்டடத்தைச் சீரமைத்தால், அந்தச் சொத்தின் மேல் ஃபெடரல் அரசுக்கு ஓர் உரிமைப் பதிவு ஏறலாம். நினைத்தபடி விற்கவோ வேறு வேலைக்கு மாற்றவோ முடியாது. பணம் ஒதுக்கிய பிறகு உரிமையாளர் கையெழுத்துப் போட மறுத்தால் அத்தனையும் நின்றுபோகும்.

தொகையும் ஒற்றை வரியும்

உதாரணமாக, ஓர் இலவச கிளினிக் பல் சிகிச்சைப் பிரிவு தொடங்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உட்புறச் சீரமைப்பு 380,000 டாலர். நான்கு பல் சிகிச்சை நாற்காலிகள், எக்ஸ்ரே, கம்ப்ரஸர், உறிஞ்சு கருவி 165,000. கட்டட வரைவாளரும் அனுமதிக் கட்டணங்களும் 37,000. சீரமைப்பில் பத்து சதவீதம் எதிர்பாராச் செலவுக்கு 38,000. மொத்தம் 620,000. இதில் 140,000 ஏற்கெனவே கையில் இருப்பதாக வங்கிக் கடிதத்தோடு காட்டி, 480,000 கேட்கிறார்கள். இது நன்றாக நிற்கும் கணக்கு. எல்லாம் உருண்டையாக 500,000 என்று கேட்பவரிடம் மதிப்பீடு இல்லை என்பது அலுவலருக்கு உடனே தெரிந்துவிடும்.

மதிப்பீடு இன்றைய விலையில் இருக்கக் கூடாது. மனு கொடுத்த நாளிலிருந்து வேலையைத் தொடங்க ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆகலாம். கட்டுமான விலை ஏற்றத்தைச் சேர்த்தே கேளுங்கள். பின்னால் கூட்டித் தர மாட்டார்கள். ‘கேட்டதைவிடக் குறைவாகக் கிடைத்தால் என்ன செய்வீர்கள்’ என்று அநேகமாக எல்லாப் படிவங்களிலும் கேட்பார்கள். குழு தொகையை வெட்டுவது சாதாரணம். ‘300,000 கிடைத்தால் குழாய் வேலை முழுவதையும் முடித்து இரண்டு நாற்காலிகளோடு திறப்போம்’ என்பதுதான் பதில். ‘முழுத் தொகையும் இன்றி இயலாது’ என்று எழுதினால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது அவர்களுக்கு எளிது.

படிவத்தில் மிகச் சிறியதும் மிக முக்கியமானதும் நோக்கத்தைச் சொல்லும் அந்த ஒற்றை வரி. பட்ஜெட் சட்டத்தின் விளக்க அறிக்கை அட்டவணையில் அமைப்பின் பெயர், வேலையின் பெயர், தொகை என்று அச்சாகப் போவது இதிலிருந்துதான். அச்சான பிறகு அதை மாற்ற உறுப்பினராலும் முடியாது, துறையாலும் முடியாது; காங்கிரஸே இன்னொரு சட்டத்தில் திருத்த வேண்டும். அமைப்பின் பெயரைக் கூப்பிடும் பெயரில் எழுதி, சாம் பதிவில் வேறு பெயர் இருந்து, திருத்தத்துக்காக ஓர் ஆண்டு காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள்.

‘தெற்காசிய முதியோரின் முழுமையான நலவாழ்வை மேம்படுத்தும் பன்முகத் திட்டம்’ என்று எழுதாதீர்கள். அதை வைத்து என்ன வாங்கலாம் என்று எந்த அதிகாரியாலும் சொல்ல முடியாது. ‘நான்கு நாற்காலிகளும் ஒரு நடமாடும் வேனும் கொண்ட பல் சிகிச்சைப் பிரிவு’ என்பது எதிர்ப்பக்கத் தவறு. பணம் குறைந்து இரண்டு நாற்காலிகளோடு நின்றால், அட்டவணையில் இருக்கும் வரியை நிறைவேற்றாதவர் ஆகிவிடுவீர்கள். ‘பல் சிகிச்சைப் பிரிவுக்கான சீரமைப்பும் கருவிகளும்’ என்பது போதும். எண்களையெல்லாம் கீழே விளக்கப் பகுதியில் வையுங்கள். அதேநேரம், இந்த வரியில் இல்லாத வேன் பின்னால் வேண்டும் என்றாலும் வாங்க முடியாது. எனவே வரியை எழுதும் முன் இயக்குநர் குழுவை உட்காரவைத்து, இரண்டு ஆண்டுகள் கழித்தும் இதே வேலைதானா என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொரு கேள்வி: வரி கட்டுவோரின் பணத்தை இதற்குச் செலவிடுவது ஏன் நியாயம்? பிரதிநிதிகள் சபையில் இதோடு ஃபெடரல் தொடர்பும் கேட்பார்கள், அதாவது எந்தச் சட்டத்தின்கீழ் இது ஃபெடரல் அரசின் வேலை என்று. கணக்குத் தலைப்பைச் சரியாகப் பிடித்திருந்தால் அதற்கான சட்டப்பிரிவு வழிகாட்டுதலிலேயே இருக்கும். நியாயத்தை எண்ணிக்கையில் சொல்லுங்கள்: ஆண்டுக்கு எத்தனை பேர், எந்த அஞ்சல் குறியீடுகளிலிருந்து, இப்போது அவர்கள் எத்தனை மைல் போகிறார்கள். உருக்கமான கதை ஒரு பத்திக்கு மேல் வேண்டாம்.

அலுவலகத்தில் பேசுவது

உறுப்பினரோடு கைகுலுக்கிப் படம் எடுப்பதில் பயன் குறைவு. பட்டியலைத் தயாரிப்பது வாஷிங்டனில் இருக்கும் ஒதுக்கீட்டு அலுவலர். தொகுதி நிலவரத்தை அவருக்குச் சொல்வது உள்ளூர் அலுவலகத்தின் இயக்குநர். இருவரையும் தெரிந்திருக்க வேண்டும். கிடைப்பது இருபது, முப்பது நிமிடம். ஒரே பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்து, நேராகக் கேளுங்கள்: இந்த ஆண்டு எந்தத் தலைப்புகளில் கொடுக்கப் போகிறீர்கள், படிவம் எப்போது திறக்கும், போன முறை எங்களைப் போன்றவர்கள் எதனால் தவறினார்கள்? ‘ஐயா மனசு வைத்தால் முடியும்’ என்ற தொனி இங்கே எடுபடாது. அலுவலருக்கு வேண்டியது, குழுவிடம் கேள்வி வந்தால் தான் தலைகுனிய நேராத வேலை. உறுப்பினர் தனக்கும் தன் நெருங்கிய குடும்பத்துக்கும் இதில் பண ஆதாயம் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவருடைய மனைவியோ கணவரோ உங்கள் அமைப்பில் சம்பளம் வாங்குபவர் என்றால் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

தேர்தல் நன்கொடை பற்றி அந்த அறையில் வாயைத் திறக்கவே கூடாது. பிரசார அலுவலகத்துக்குப் போய் இதைக் கேட்கக் கூடாது. 501(சி)(3) அமைப்பு எந்த வேட்பாளருக்கும் ஆதரவு காட்டுவது சட்டப்படி தடை. நன்றிக்கடனாக மேடை போட்டுக் கொடுப்பதும் அதில் அகப்படும்.

இயர்மார்க் கேட்பது லாபியிங் கணக்கில் சேருமா என்று கேட்டால், சேரும். பட்ஜெட் மசோதா ஒரு சட்டம். அதில் இன்னதைச் சேர்க்கும்படி காங்கிரஸ் உறுப்பினரைக் கேட்பது லாபியிங். பயப்பட ஒன்றுமில்லை, அளவோடு செய்ய அனுமதி உண்டு. படிவம் 5768-ஐ ஐஆர்எஸ்ஸுக்கு ஒருமுறை அனுப்பிவிட்டால் அளவு தெளிவாகிவிடும்: ஆண்டுச் செலவின் முதல் 500,000 டாலரில் 20 சதவீதம், அடுத்த 500,000-ல் 15 சதவீதம் என்று போகும். ஆண்டுக்கு 600,000 செலவிடும் அமைப்புக்கு 115,000 வரை வருகிறது. தன்னார்வலர் சம்பளமில்லாமல் செலவிடும் நேரம் இதில் சேராது. சம்பளம் வாங்கும் இயக்குநரின் மணிநேரங்கள் சேரும், குறித்து வையுங்கள். தேவாலயம் என்ற வகையில் வரும் வழிபாட்டு அமைப்புகளுக்கு இந்தப் படிவ வசதி கிடையாது. ஏற்கெனவே வாங்கிய ஃபெடரல் மானியப் பணத்தை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. ‘வாங்கிக் கொடுத்தால் இத்தனை சதவீதம்’ என்று வரும் ஆலோசகரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். அந்தக் கட்டணத்தை மானியத்தில் எழுத முடியாது.

பட்டியலில் பெயர் வந்த பிறகு

உறுப்பினர் தன் பட்டியலை வெளியிட்டதும் வாழ்த்துகள் வரும். அது வெறும் வேண்டுகோள். கோடையில் துணைக்குழு ஏற்றால் அது பாதி வழி. இரு சபைகளும் ஒத்துப்போய்க் குடியரசுத் தலைவர் கையெழுத்திடும்வரை கையில் ஒன்றும் இல்லை. 2025 நிதியாண்டில் நடந்ததை நினைவில் வையுங்கள்: முழு பட்ஜெட் போடாமல், பழைய அளவிலேயே ஆண்டு முழுவதையும் ஓட்டும் சட்டத்தை 2025 மார்ச்சில் நிறைவேற்றினார்கள். குழுக்கள் ஏற்றிருந்த இயர்மார்க் அத்தனையும் விழுந்தது. துணைக்குழு அறிவிப்பை நம்பி ஆள் எடுத்தவர்கள், முன்பணம் கொடுத்தவர்கள் கதி அதோகதி.

சட்டமான பிறகு துறை உங்களைத் தேடி வரும். வரவு-செலவு, வேலை விவரம், உறுதிமொழிகள் என்று இன்னொரு முழு விண்ணப்பம். பெயர் அட்டவணையில் இருந்தாலும் தாள்கள் சரியில்லை என்றால் பணம் நகராது. ஒப்பந்தம் கைக்கு வரச் சில மாதங்கள் முதல் ஓராண்டுக்கு மேலும் ஆகும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது சுற்றுச்சூழல் ஆய்வில். ஹட் பணத்தில் அந்த ஆய்வு முடிந்து அனுமதி வரும்வரை நிலம் வாங்கக் கூடாது, இடிக்கக் கூடாது, கட்டுமான ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது. ‘எங்கள் சொந்தப் பணத்தில்தானே செய்தோம்’ என்பதும் செல்லாது; அதே வேலைக்கான வேறு பணத்துக்கும் தடை பொருந்தும். ஆர்வக் கோளாறில் ஒரு சுவரை இடித்துவிட்டு முழு ஒதுக்கீட்டையும் ஆபத்தில் தள்ளுவார்கள். ஆய்வைப் பெரும்பாலும் உள்ளூராட்சிதான் நடத்தும். ஆகவே நகராட்சியின் சமூக மேம்பாட்டு அலுவலரிடம் முன்பே பேசி வையுங்கள். ஏற்கெனவே முடித்த வேலைக்குப் பின்னால் பணம் வாங்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம்.

கொள்முதல் விதிகள் கறாரானவை. விலைப்புள்ளி வாங்கி, ஒப்பிட்டு, ஏன் இவரைத் தேர்ந்தோம் என்று எழுதி வைக்க வேண்டும். இயக்குநர் குழுவில் இருப்பவரின் மைத்துனர் நல்ல கான்ட்ராக்டராகவே இருக்கலாம், பாதி விலைக்கும் செய்யலாம். தேர்வில் அந்த இயக்குநர் கலந்துகொண்டால் அந்தச் செலவையே ஏற்க மாட்டார்கள். நம் சங்கங்களில் ‘நம்ம ஆள்’ பழக்கம் ஆழமானது என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டுமானத்தில் இரும்பு, எஃகு, கட்டுமானப் பொருட்கள் அமெரிக்காவில் தயாரானவையாக இருக்க வேண்டும் என்ற விதியும் வரும். ஒப்பந்தப் புள்ளியிலேயே அதை எழுதாவிட்டால் கான்ட்ராக்டர் பின்னால் விலையை ஏற்றுவார்.

பணம் பெரும்பாலும் செலவழித்த பிறகு ரசீதைக் காட்டித் திரும்பப் பெறுவதுதான். மாதம் 60,000 டாலர் பில் வரும் வேலைக்கு, இரண்டு மூன்று மாதம் தாக்குப்பிடிக்கும் ரொக்கமோ வங்கிக் கடன் வசதியோ கையில் வேண்டும். ஓராண்டில் எல்லா ஃபெடரல் பணமும் சேர்த்து 10 லட்சம் டாலரோ அதற்கு மேலோ செலவிட்டால் ஒற்றைத் தணிக்கை என்ற சிறப்புத் தணிக்கை கட்டாயம். 2024 அக்டோபர் 1-க்கு முன் தொடங்கிய கணக்கு ஆண்டுகளுக்கு இந்த வரம்பு 750,000 ஆக இருந்தது. தணிக்கையாளரின் கட்டணத்தை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். எல்லாத் தாள்களையும் கடைசி நிதி அறிக்கை கொடுத்த பிறகும் மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

இத்தனை சுமையைத் தாங்க ஆளில்லாத சிறிய அமைப்பு, அதாவது எல்லோரும் தன்னார்வலர், கணக்கு ஒரு எக்ஸெல் தாளில் என்றிருப்பவர்கள், ஃபெடரல் இயர்மார்க்குக்கு இறங்காமல் இருப்பதே நல்லது. மாநிலச் சட்டமன்றத்திலும் நகர்மன்றத்திலும் இதே மாதிரி சிறிய தொகைகள் உண்டு. நியூயார்க் நகர்மன்ற உறுப்பினர்கள் தம் விருப்ப நிதியிலிருந்து தொண்டு அமைப்புகளுக்கு ஒதுக்குவது ஓர் உதாரணம். பெரும்பாலான மாநிலங்களில் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குவதால் காலக்கணக்கு வேறு. அங்கே இரண்டு முறை வாங்கி ஒழுங்காகக் கணக்கு முடித்துக் காட்டிவிட்டால், காங்கிரஸ் அலுவலகத்தில் ‘இதற்கு முன் அரசுப் பணம் கையாண்டிருக்கிறீர்களா’ என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும்.

இந்த முறை கிடைக்கவில்லை என்றால் மனு தானாக அடுத்த ஆண்டுக்கு நகராது. தள்ளுபடியான ஒரு மாதத்துக்குள் அலுவலரை அழைத்து, தவறியது உறுப்பினரின் பட்டியலிலா, குழுவிலா, இறுதிப் பேச்சிலா என்று கேளுங்கள். உறுப்பினரின் பட்டியலுக்கே வரவில்லை என்றால் வேலையை மாற்றி யோசியுங்கள். குழு வரை போய் விழுந்திருந்தால் அதே மனுவை, புதிய ஆண்டின் படிவத்தில், புதிய விலையோடு கொடுங்கள்.